டேப்பட் சத்தமும் என் காதும்

நான் படித்த பாலிடெக்னிக்கில் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்கள் இரண்டு பேர், நான் இப்போது வேலை பார்க்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்து, "அண்ணே, இன்ஜின் சத்தம் பாக்கிறதப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்க. நீங்க அதுல பெரிய ஆளாமே" என்றார்கள்.

யார் சொன்னது என்று கேட்டேன். தென்காசியில் எல்லாரும் சொல்லுதாங்க என்றார்கள். எல்லாரும் சொல்வது அது மட்டும் இல்லை. மீதியை என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார்கள் என்பது தெரிந்தது. பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற மெக்கானிக்' என்று போடலாமா என்று ஒருவன் தயங்கிக் கேட்டான். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயது ஆகவில்லை. போட்டுக்கோ என்று சொல்லிவிட்டேன்.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். தறிப் பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருத்தன்தான். பாலிடெக்னிக் முடித்த கையோடு தென்காசியில் ராஜதுரை அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது, கிரீஸ் அடித்தது, கையை நசுக்கிக்கொண்டது எல்லாம் எல்லார் கதையிலும் உள்ளதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியோடு யார் வந்தாலும் அவர் உடனே பானட்டைத் திறக்க மாட்டார். வந்தவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பழைய பனியன் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே, "சத்தம் எப்படி வருது? வாயால அடிச்சுக் காட்டுங்க" என்பார். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒரு தடவை வங்கி மேலாளர் ஒருவர், ஆள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "டிக்... டிக்... டிக்..." என்றார்.

"இப்ப ஆக்சிலேட்டர மிதிங்க சார்."

"டிக்டிக்டிக்டிக்."

"காலையில மட்டும் அடிச்சிட்டு நிக்குதா, ஆபீசு வரைக்கும் கூட வருதா?"

"ஆபீசு வரைக்கும் வருது."

"அப்ப டேப்பட்டப் பாத்துருவோம். ஏலே, சாருக்கு ஒரு டீ சொல்லு."

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவர் அடித்துக் காட்டியது "டொப்பு, டொப்பு" என்று இருந்தது. அண்ணாச்சி துடைப்பதை நிறுத்திவிட்டார். "இது அடியில உள்ள பேரிங்கு. இனிமே சாவியத் தொடாதிய. வண்டி இங்கனயே நிக்கட்டும்." இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தோம், பேரிங்தான். அவர் சொன்னது தப்பியது ரொம்பக் குறைவு.

இந்த வழக்கம் நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வந்தவரின் வாயைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துவிடுவேன். படித்த பிள்ளை என்பதால் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலையை அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் விட்டார். கிண்டலுக்கு என்னை "என்ஜினீயரே" என்று கூப்பிடுவார். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு நடந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாணவர்கள் கேட்டது வேலை முறையை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹைட்ராலிக் டேப்பட் என்பது கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் குப்பி. சுற்றிச் சுற்றி வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளியே விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உள்ளே ஏறி நிற்கிற இன்ஜின் ஆயில்தான் அதற்குப் பலம். குப்பி தேய்ந்தாலும், ஆயில் ஏறுகிற துளையில் அழுக்கு அடைத்தாலும் ஆயில் நிற்காது. இடைவெளி விழும். கேம் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டும். அதுதான் டிக்.

முதலில் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலே அடிக்கும். இன்ஜினுக்குப் பொருந்தாத கெட்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் அடிக்கும். பிறகு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றால் பயமில்லை. ஆனால் சூடானதும் நிற்கிற டிக் எல்லாமே டேப்பட் இல்லை. புகைக்குழாய் மூட்டில் உள்ள எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் இப்படித்தான் ஏமாற்றும், இரும்பு சூட்டில் விரிந்ததும் அடங்கும். அந்த ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். பேரிங் சத்தம் என்றால் ஒரு சிலிண்டரில் அது குறையும். டேப்பட் சத்தம் அசையாது. அப்புறம் ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். பிரஷர் குறைவு என்றால் டேப்பட்டைத் திட்டிப் பயனில்லை, ஆயில் பம்ப்பைப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கடைசியாக வால்வு கவரைத் திறந்து டேப்பட்டைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நல்லது கல் மாதிரி நிற்கும். கெட்டது ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போகும்.

இதில் டிக் என்று அடிக்கிறதா, நிற்கிறதா, குறைகிறதா என்று சொல்ல மட்டும் காது வேண்டும். மற்றதற்குக் கண்ணும் கையும் போதும். எனக்கு அந்த முதல் காரியத்துக்கான காது இல்லை. அது அப்போது எனக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். தறி வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். தூரத்தில் இருந்தால் வாயசைவைப் பார்த்துக்கொள்வோம். எங்களில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளர் வாயால் அடித்துக் காட்டிவிடுவார். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்தால் எலும்பில் ஒரு அதிர்வு வரும். சத்தம் என்றால் எல்லாருக்கும் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கிற இசக்கியும் பக்கத்திலேயே நிற்பான். என் வயதுக்காரன், எட்டாவதோடு நின்றவன். ஓடுகிற இன்ஜின் முன்னால் நான் நின்றால் அவன் வந்து வண்டியின் மட்கார்டில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். பாட்டுக்குத் தாளம் போடுகிற புத்தி என்று நினைத்து, "சும்மா இருலே" என்று நான் அவனை அதட்டியிருக்கிறேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிற வண்டிகளுக்காக ஒரு கிளை திறக்க அண்ணாச்சி இடம் பிடித்தார். பொறுப்புக்கு என்னைத்தான் போடுவார் என்று பேச்சு இருந்தது. என் அப்பா அதை ஊரில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அந்தச் சமயத்தில்தான் அச்சன்புதூரிலிருந்து போன் வந்தது.

வண்டியின் சொந்தக்காரர் ஷாகுல், குவைத்தில் இருப்பவர். விடுமுறையில் வருகிறார். திருவனந்தபுரத்தில் இறங்கும் அவரைக் கூட்டிவர வீட்டார் அவருடைய காரிலேயே போக வேண்டும் என்று ஏற்பாடு. காரோ ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. அதில் ஏதோ சத்தம் வருகிறது என்று அவருடைய மனைவி மைமூன் அக்கா சொல்லியிருந்தார்.

"நீயே போய்ப் பாரு, என்ஜினீயரே. திருவனந்தபுரம் போற வழியில ஆரியங்காவு மலை ஏறுமா, இன்ஜினப் பிரிக்கணுமான்னு நீதான் சொல்லணும்" என்றார் அண்ணாச்சி. "குற்றாலத்துல தனியா நிப்பியான்னு எனக்கும் தெரியணும்லா."

இசக்கியும் நானும் பைக்கில் போனோம். போன உடனே மைமூன் அக்கா டீ வாங்கிவரச் சொல்லித் தூக்குவாளியை இசக்கியிடம் கொடுத்துவிட்டார். நான் அண்ணாச்சி மாதிரியே கையைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் எப்படி வருதுக்கா? வாயால அடிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அக்கா முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்தார். "போங்க தம்பி, நான் என்ன பல்லியா?"

சரி என்று ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். குனிந்து கேட்டேன். இன்ஜின் சீராக, கனமாக ஓடியது.

"ஒரு சத்தமும் இல்லையேக்கா. தங்கமா ஓடுது."

"நல்லாக் கேளுங்க தம்பி. எனக்கு அடுப்படியில நின்னாலே கேக்குது."

"பழகாத காதுக்கு அப்படித் தோணும்க்கா. நாங்க தெனம் கேக்குறவங்க."

இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன்.

அக்கா வாதம் செய்யவில்லை. போனை எடுத்து வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டு, போனைப் பானட்டுக்குள் நீட்டினார். ஷாகுல் அண்ணனின் முகம் அதில் சுருங்கியது.

"யா அல்லா, என்ன இந்த அடி அடிக்கி! தையல் மிஷினு மாதிரில்லா இருக்கு. மெக்கானிக் தம்பி, கேக்குதா?"

"அது போன்ல வர்ற சத்தம்ணே. நெட்வொர்க்கு சரியில்ல."

"நெட்வொர்க்கு டிக் டிக்னு அடிக்காதுடே."

அக்கா வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"நின்னுட்டு" என்றார் குவைத்தில் இருந்தவர்.

அக்கா திரும்ப ஸ்டார்ட் செய்தார்.

"திரும்ப வந்துட்டு."

என் தலை இன்ஜினுக்கு ஒரு முழம் மேலே இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. நான் தலையைத் தூக்கினபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு நேராக வந்து நின்று, முக்காட்டை வாயிலிருந்து விலக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல உதட்டை விரித்து, "டிக்... டிக்... டிக்..." என்றார். சற்று முன் வெட்கப்பட்டுச் சிரித்தவர். "தம்பி, உங்களுக்குக் கேக்கலையா?"

இசக்கி தூக்குவாளியோடு வாசலில் நின்றான். நான் திணறுவதைப் பார்த்து எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துத்தான் சொன்னான்.

"தப்பா எடுக்காதிய அக்கா. மத்த வேலையெல்லாம் இவன் சுத்தமாச் செய்வான். இந்தச் சத்தம் மட்டும் இவன் காதுல விழாது. அது அடிக்கிற மாதிரியே நான்தான் மட்கார்டுல தட்டிக் காட்டுவேன். அண்ணாச்சி அப்படித்தான் சொல்லி வச்சிருக்காரு."

போனுக்குள்ளிருந்து ஷாகுல் அண்ணன், "செவிட்டுப் பயலையா அனுப்பி வச்சிருக்காரு உங்க அண்ணாச்சி?" என்றார். அக்கா பதறிப்போய் உள்ளங்கையால் போனைப் பொத்தினார். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கை தன்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்திவிட்டு ஆயில் மூடியைத் திறந்தது. மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கட்டி நின்றது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படி இருக்கும். ரேடியேட்டரைப் பார்த்தேன், தண்ணீர் குறையவில்லை. அப்படியென்றால் ஈரம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

"இத எப்பெல்லாம் ஸ்டார்ட் பண்ணுவீங்க அக்கா?"

"வெள்ளிக்கிழம தவறாம போடுவேன். ஆம்பளைங்க ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம். அஞ்சு நிமிசம் ஓட விட்டு அமத்திருவேன். அவுகதான் சொன்னாக, பேட்டரி செத்துப்போகுமாம்."

மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்த வழக்கம் உண்டு. வண்டியை ஓட்டுவதில்லை, வாரம் ஒரு முறை ஸ்டார்ட் மட்டும் செய்வார்கள். ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. இன்ஜினுக்குள் வேர்க்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகாது. ஆயிலோடு சேர்ந்து சேறாகும். அந்தச் சேறு முதலில் போய் அடைக்கிற இடம் டேப்பட்டின் சின்னத் துளை. கவனமாகப் பார்த்துக்கொள்கிற வீட்டு வண்டிதான் இப்படிக் கெடும். ஒன்று, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி யாரையாவது கடையநல்லூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இதை நான் சொன்னதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"இல்லக்கா. சொன்னபடி செஞ்சிய. சொன்னதுதான் தப்பு."

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஷாகுல் அண்ணன், "மைமூன், அண்ணாச்சியே ஒரு எட்டு வந்து பாக்கட்டும். இவன் சொல்றத வச்சு ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். நான் சொன்னது சரி. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு அதற்குள் போய்விட்டது.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். கேஜ் மாட்டினோம், பிரஷர் நன்றாக இருந்தது. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து கவரைத் திறந்தேன். ஒவ்வொன்றாக அழுத்தினேன். இரண்டு டேப்பட் மெத்தென்று உள்ளே போயின.

"இதும் இதும் அண்ணாச்சி."

அவர் குனிந்து, நான் அழுத்திய எல்லாவற்றையும் வரிசையாகத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதுவரை நான் பார்த்ததை அவர் திரும்பப் பார்த்ததே இல்லை. நான் காட்டிய இரண்டுதான். தலையை ஆட்டிவிட்டுப் போனார். விரல் சரியாகச் சொன்னதில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

டேப்பட்களை மொத்தமாக மாற்றி, சம்ப்பைக் கழற்றிச் சேற்றை வழித்து, சரியான ஆயில் ஊற்றி அனுப்பினோம். கார் மலை ஏறி இறங்கித் திருவனந்தபுரம் போய் வந்தது. ஷாகுல் அண்ணன் பேரீச்சம்பழப் பெட்டியோடு ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். நல்ல மனிதர்தான். எல்லாரிடமும் சாதாரணமாகப் பேசிவிட்டு, என் தோளில் கை வைத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "தம்பீ... சௌக்...கியமா...?" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கத்தி, "சௌக்கியம்ணே" என்றேன்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமைதியாக இருக்கிறதே, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தபோதுதான், அது ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று புரிந்தது. வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தறி ஓடுற வீடா?" கீழ்ச் சத்தம் எல்லாம் கேட்குமாம். மேல் சத்தம், டிக் என்கிற மாதிரி மெல்லிசானது எல்லாம் சின்ன வயதிலேயே போய்விட்டதாம். காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். ஸ்பேனர் விழுகிற, சுத்தியல் அடிக்கிற இடத்தில் அதை மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. கடையில் மாட்டிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் தறி என்று சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நட்டு கழற்றுகிற ஏர் கன் சத்தம் என்று சொன்னேன். "அண்ணாச்சி பஞ்சு வாங்கித் தரலையாலே?" என்று அவர்மேல் கோபப்பட்டார். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். தறி வீட்டிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்திருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வேலையில் சேரும் முன் ஒரு தடவை காதைக் காட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த அறிவுரை அது ஒன்றுதான்.

சீசன் தொடங்கும் முன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். ஒரு காரின் பானட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தார். இசக்கி அந்தப் பக்கம் நின்றான்.

"குற்றாலத்துக்கு நீயே போ. இசக்கி உங்கூட வருவான். முன்ன மாதிரியே நடக்கட்டும். வர்றவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"எத்தன வருசமா அண்ணாச்சி அவன் தட்டுதான்?"

"அது எதுக்கு இப்ப? தட்டுனா அவன் வெரலு தேஞ்சா போகும்?"

நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் மட்கார்டைப் பார்த்தான். சத்தத்தைக் கேட்கிறவன் அவன். முன்னால் நின்று பேசி, என்ஜினீயர் என்று பெயர் வாங்கியவன் நான். இத்தனை வருடம் என்னை எல்லாரும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நான் நடப்பதாக நினைத்துக் கையை வேறு வீசியிருக்கிறேன். இனிமேல் தெரிந்தே அப்படி இருக்க முடியாது.

"குற்றாலத்த அவனே பாக்கட்டும் அண்ணாச்சி. நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்."

அண்ணாச்சி திரும்பி இன்ஜின்மேல் குனிந்துகொண்டார். அப்புறம் ஏதோ சொன்னார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. தோள் அசைந்ததால் பேசுகிறார் என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை, கொஞ்சம் நீளமாகவே பேசினார். இசக்கிக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான், கண் ஒரு மாதிரி ஆகித் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தால் திரும்பிச் சொல்லியிருப்பார். இசக்கியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவான். வாரத்தில் இரண்டு தடவை எங்கள் கடைக்கு டேப்பட் வாங்க வருகிறான். திட்டினாரா, வாழ்த்தினாரா, போகாதே என்றாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்ட மாதிரியே தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.